180 பேருக்குப் போகாத நினைவூட்டல்: எஸ்எம்டிபி பழுது பார்த்த நாலு நாள்

திருப்பூரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் வரிக் கணக்கு அலுவலகம் நடத்துகிறார். நிட்டிங், பிரிண்டிங், செக்கிங், பவர் டேபிள் என்று சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள்தான் அவரிடம் கணக்குக் கொடுப்பவர்கள். மொத்தம் 180 பேர். மாதம் பிறந்தால் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிச் சுருக்கக் கணக்கு. அவர்கள் பில்லைக் கொடுத்தால்தான் இவர் தாக்கல் செய்ய முடியும். அதனால் 9ஆம் தேதியும் 18ஆம் தேதியும் எல்லோருக்கும் ஒரு நினைவூட்டல் மெயில் போகும். முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவர் எழுதி வைத்துப் போன பைத்தான் நிரல்தான் அதை அனுப்பிக்கொண்டிருந்தது.

14ஆம் தேதி காலையில் அண்ணனிடமிருந்து போன். “தம்பி, இந்த மாசம் மெயிலே வரலைன்னு நாலு பேர் சொல்லிட்டாங்க. ஜிஎஸ்டிஆர்-ஒன்னை எப்படியோ போன் போட்டுப் போட்டு முடிச்சுட்டோம். 3பி-க்காவது ஒழுங்காப் போகணும், கொஞ்சம் பார்த்துக் குடுங்க.”

3பி தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனையே இல்லாத நில் ரிட்டனுக்கும் 20 ரூபாய். வரி பாக்கி இருந்தால் அதற்கு வட்டி தனி. ஆறு மெஷின் போட்டு ஓட்டுகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. 18ஆம் தேதிக்குள் சரிசெய்தே ஆகவேண்டும் என்று அன்றே அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

முதலில் பார்த்தது நிரலின் பதிவுக் கோப்பை. 9ஆம் தேதியில் 180 பெயருக்கும் நேராக “அனுப்பியாச்சு” என்று இருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை. அண்ணன் இத்தனை நாள் நம்பியது இந்தக் கோப்பைத்தான். நிரலைத் திறந்து பார்த்தால், மெயில் அனுப்பும் இடத்தைச் சுற்றி ‘ட்ரை’ போட்டு, பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போ என்று ‘பாஸ்’ எழுதி விட்டிருக்கிறது. அடுத்த வரியில் “அனுப்பியாச்சு” என்று எழுதுகிறது. போனாலும் போகாவிட்டாலும் அதே வரிதான். இன்னொன்றும் இருந்தது. 20 பேரை ஒரே கட்டாகச் சேர்த்து ‘சென்ட்மெயில்’ அழைப்புக்குக் கொடுத்திருந்தார்கள். முகவரி மறுக்கப்படும் விஷயத்தில் அந்த அழைப்பு, கொடுத்த எல்லா முகவரியும் மறுக்கப்பட்டால் மட்டும்தான் பிழை எழுப்பும். 20-இல் மூன்று மறுக்கப்பட்டால் சத்தமில்லாமல் அந்த மூன்றையும் ஒரு பட்டியலாகத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பட்டியலை வாங்கிப் பார்க்க நிரலில் ஒரு வரியும் இல்லை.

இரண்டையும் முதலில் மாற்றினேன். ஆளுக்கு ஒரு மெயில், தனித்தனியாக. பிழை வந்தால் மறைக்காமல் அப்படியே கோப்பில் எழுதவேண்டும். இதைச் செய்யாமல் போர்ட்டை மாற்றிப் பார்ப்பது, பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது எல்லாம் இருட்டில் கையை விட்டுத் துழாவுவதுதான்.

அப்புறம் மெயில் அனுப்பப் பைத்தானில் உள்ள எஸ்எம்டிபிலிப் என்ற தொகுப்பில் இருக்கும் ‘செட்_டீபக்லெவல்’ என்ற அழைப்பில் 1 என்று கொடுத்தேன். நம் நிரல் சர்வரிடம் சொல்லும் ஒவ்வொரு வரியும், சர்வர் சொல்லும் ஒவ்வொரு பதிலும் திரையில் ஓடும். எஸ்எம்டிபி என்பது மெயில் அனுப்புவதற்கு 1982-இல் எழுதப்பட்ட நெறிமுறை. இரண்டு பேர் மாறி மாறிப் பேசிக்கொள்வதுபோல அமைந்தது. சர்வரின் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணில் தொடங்கும். 2 என்று தொடங்கினால் சரி, 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா, 5 என்றால் முடியாது, திரும்ப வராதே. இதைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த நாலு நாளில் எனக்கு வழி காட்டியதெல்லாம் அந்த எண்களும் பக்கத்தில் இருந்த ஒரு வரி விளக்கமும்தான்.

ஒரு எச்சரிக்கை இங்கேயே. இந்த உரையாடலில் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் பேஸ்64 எழுத்தில் ஓடும். பார்த்தால் ஏதோ பூட்டியதுபோல் தெரியும். அது பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பி எடுத்துவிடலாம். உதவி கேட்டு யாருக்காவது அந்தத் திரையை அனுப்புவதாக இருந்தால் அந்த வரியை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

நிரலை ஓட்டியதும் தெரிந்தது, இணைப்பே கிடைக்கவில்லை. நிரலில் எழுதியிருந்தது 25ஆம் எண் போர்ட். அண்ணனின் மெயில் பெட்டியைத் தேடினால், ஹோஸ்டிங் நிறுவனத்தின் அறிவிப்பு ஒன்று திறக்கப்படாமல் கிடந்தது. மாதத் தொடக்கத்தில் புது சர்வருக்கு மாற்றியிருக்கிறார்கள். மெயில் அனுப்ப இனிமேல் 587 அல்லது 465 என்று எழுதியிருந்தது.

25 என்பது ஒரு மெயில் சர்வர் இன்னொரு மெயில் சர்வரிடம் தபாலை ஒப்படைக்கும் வாசல். நம்மைப் போன்ற நிரல்கள் நம்முடைய சர்வரிடம் மெயிலைக் கொடுக்க வேண்டிய வாசல் 587. ஸ்பேம் தொல்லையால் பல இணைய இணைப்புகளிலும் கிளவுட் சர்வர்களிலும் 25 வழியாக வெளியே போகவிடாமல் அடைத்திருப்பார்கள். பழைய சர்வர் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தது, புதியது பொறுக்கவில்லை.

சரி, 465 என்று மாற்றி ஓட்டினேன். திரையில் ஒன்றும் இல்லை. பிழையும் இல்லை, பதிலும் இல்லை. டீ சொல்லிக் குடித்துவிட்டு வந்தும் அப்படியே நின்றது. ஐந்து நிமிடம் போல ஆனபிறகு இணைப்பு எதிர்பாராமல் மூடப்பட்டது என்று ஒரு வரி.

காரணம் இதுதான். 465-இல் இணைந்த நொடியிலேயே டிஎல்எஸ் மறையாக்கம் தொடங்கவேண்டும், முதலில் பேசவேண்டியது நம் பக்கம். ஆனால் நிரலில் இருந்தது சாதாரண ‘எஸ்எம்டிபி’ வகுப்பு. அது, சர்வர் முதலில் 220 என்று வரவேற்புச் சொல்லும் என்று காத்திருக்கும். போனை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் மற்றவர் ஹலோ சொல்லட்டும் என்று காதில் வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி. எஸ்எம்டிபிலிப்பில் நாமாகக் கொடுக்காவிட்டால் நேர வரம்பும் கிடையாது. சர்வர் பொறுமை இழந்து மூடும்வரை நிரல் நின்றுகொண்டே இருக்கும். அன்றைக்கே ‘டைம்அவுட்’ 30 நொடி என்று போட்டுவிட்டேன்.

பிறகு 587-க்கு மாற்றி, ‘எஸ்எம்டிபி_எஸ்எஸ்எல்’ வகுப்பைப் போட்டேன். இந்த முறை பிழை உடனே வந்தது: ராங் வெர்ஷன் நம்பர். இதைப் பார்த்ததும் பலரும் பைத்தான் பதிப்பையோ ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பையோ மாற்றப் போய்விடுவார்கள். நானும் முன்பு ஒரு தடவை அப்படி அரை நாள் அலைந்திருக்கிறேன். பதிப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 587-இல் சர்வர் முதலில் மறையாக்கம் இல்லாமல் 220 என்று வரவேற்பு அனுப்பும். நம் பக்கம் டிஎல்எஸ் பேச்சை எதிர்பார்த்து, அந்த 220 என்ற எழுத்துகளையே டிஎல்எஸ் பதிப்பு எண் என்று எடுத்துக்கொண்டு, இப்படி ஒரு பதிப்பு இல்லையே என்கிறது. அவ்வளவுதான்.

சரியான ஜோடி இரண்டுதான். 465 என்றால் ‘எஸ்எம்டிபி_எஸ்எஸ்எல்’. 587 என்றால் சாதாரண ‘எஸ்எம்டிபி’, அதன்பின் ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’, அதற்கு அப்புறம்தான் லாகின். நான் 587-ஐ எடுத்துக்கொண்டேன். திரையில் முதல்முறையாக உரையாடல் ஓடியது:

சர்வர்: 220, வரவேற்பு
நாம்: இஎச்எல்ஓ
சர்வர்: 250, ஸ்டார்ட்டிஎல்எஸ் உண்டு
நாம்: ஸ்டார்ட்டிஎல்எஸ்
சர்வர்: 220, தொடங்கலாம்

அதற்கடுத்து சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரு தடை. நிரலில் ‘மெயில்’ என்று தொடங்கும் அண்ணனின் சொந்த டொமைன் பெயர் இருந்தது. புது சர்வரின் சான்றிதழ் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. சரிபார்ப்பை நிறுத்தி வைத்தால் வேலை ஓடிவிடும், தேடினால் கிடைக்கும் பல விடைகளும் அதையே சொல்லும். செய்யாதீர்கள். பாஸ்வேர்டை யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள நமக்கு இருப்பது அந்தச் சரிபார்ப்பு ஒன்றுதான். அறிவிப்பில் இருந்த சர்வரின் உண்மைப் பெயரைப் போட்டதும் தடை நீங்கியது.

இரண்டாம் நாள் முழுக்க 535-உடன் போனது. பயனர்பெயர் அல்லது பாஸ்வேர்ட் தவறு என்பது அதன் பொருள். அதே பாஸ்வேர்டைப் போட்டு உலாவியில் வெப்மெயிலைத் திறந்தால் திறக்கிறது. பயனர்பெயரில் முழு முகவரி வேண்டுமா, அட்-டுக்கு முன்னால் இருப்பது மட்டும் போதுமா என்று இரண்டையும் பார்த்தாயிற்று. பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றியும் பார்த்தாயிற்று. அதே 535.

மதியத்துக்கு மேல் நிரலிலேயே பாஸ்வேர்டின் நீளத்தை அச்சிட்டுப் பார்த்தேன். 15 என்றது. காகிதத்தில் எண்ணினால் 14 எழுத்து. அந்தப் பதினைந்தாவது எழுத்து எது? மறைந்திருக்கும் எழுத்தையும் காட்டும் ‘ரெப்ர்’ போட்டு அச்சிட்டதும் கடைசியில் புதுவரிக் குறி நின்றது. பாஸ்வேர்டை ஒரு தனிக் கோப்பில் வைத்திருந்தோம். நோட்பேடில் தட்டச்சு செய்து என்டர் தட்டிச் சேமித்ததில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் உள்ளே போயிருக்கிறது. கோப்பைப் படிக்கும் வரியில் ‘ஸ்ட்ரிப்’ சேர்த்தேன். அடுத்த ஓட்டத்தில் 235, உள்ளே விட்டுவிட்டது.

ஜிமெயில் வழியாக அனுப்புகிறவர்களுக்கு 535 வேறு காரணத்தாலும் வரும். 2022 மே 30-க்குப் பிறகு தனிநபர் ஜிமெயில் கணக்கின் வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் வைத்து நிரல்கள் உள்ளே நுழைய முடியாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை எடுத்துக் கொடுக்கவேண்டும்.

உள்ளே போனதும் அடுத்த வாசலில் 553. அனுப்புநர் முகவரி இந்தப் பயனருடையது அல்ல என்றது சர்வர்.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும்போது மேலே அனுப்புநர், பெறுநர் என்று எழுதுவோம். அது தாளில் இருப்பது. தபால்காரர் அதைப் பார்ப்பதில்லை, உறையின் மேல் எழுதியதைத்தான் பார்ப்பார். மெயிலிலும் அப்படியே இரண்டு அனுப்புநர் உண்டு. ‘மெயில் ஃப்ரம்’ என்ற கட்டளையில் சொல்வது உறை. நாம் மெயிலைத் திறந்தால் தெரியும் ‘ஃப்ரம்’ வரி தாள். பழைய நிரலில் உறையின் மேல் அலுவலக டொமைனில் ‘நோரிப்ளை’ என்ற ஒரு முகவரி. அப்படி ஒரு பெட்டியே யாரும் உருவாக்கவில்லை. தாளில் அண்ணனின் சொந்த இலவச மெயில் முகவரி. லாகின் செய்வது மூன்றாவதாக ஒரு முகவரியில். புது சர்வர், லாகின் செய்தவர் தன் பெயரில் மட்டும் அனுப்பட்டும் என்கிறது. அது நியாயமான கட்டுப்பாடு. இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் அனுப்பிவிடலாம்.

உறை, தாள், லாகின் மூன்றிலும் அலுவலக முகவரி ஒன்றையே வைத்தேன். “ஆளுங்க பதில் போட்டா என்னோட பெட்டிக்குத்தான் வரணும்” என்றார் அண்ணன். அதற்கு ‘ரிப்ளை-டு’ வரி இருக்கிறது, அதில் அவருடைய முகவரி. நிரலும் சுருங்கியது. ‘சென்ட்_மெசேஜ்’ அழைப்பு தாளில் உள்ள ஃப்ரம் வரியையே உறைக்கும் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் காலையில் முதல் 250 வந்தது. மெயிலை சர்வர் வாங்கிக்கொண்டது. என்னுடைய பெட்டியைத் திறந்தால் ஸ்பேமில் கிடக்கிறது. யூனிட்காரர்களில் யாரும் ஸ்பேம் பெட்டியைத் திறக்கப்போவதில்லை. இது வராததற்குச் சமம்தான்.

வந்த மெயிலின் மூலத் தலைப்புகளைத் திறந்து, சரிபார்ப்பு முடிவுகள் இருக்கும் வரியைப் பார்த்தேன். எஸ்பிஎஃப் பெர்ம்எரர், அதாவது நிரந்தரப் பிழை, டிகேஐஎம் இல்லை என்று இருந்தது. எஸ்பிஎஃப் என்பது, எங்கள் டொமைன் பெயரில் இந்த இந்த சர்வர்கள்தான் அனுப்பும் என்று, டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்-இல் நாம் எழுதி வைக்கும் ஒற்றை வரி. ஒற்றை வரி என்பது முக்கியம். டிஎன்எஸ் பட்டியலில் அப்படி இரண்டு வரிகள் இருந்தன. பழைய சர்வரைக் காட்டும் ஒன்று, மாற்றத்தின்போது தானாகச் சேர்ந்த ஒன்று. இரண்டு இருந்தால் எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் தள்ளிவிடவேண்டும் என்பதே விதி. பழையதை அழித்தேன். மெயில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது, வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பத்தை ஹோஸ்டிங் பேனலில் இயக்கினேன், ஒரு சொடுக்குதான். இந்தச் சோதனைகளில் தவறும் மெயிலை என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் டிஎம்ஏஆர்சி வரி ஒன்றையும் சேர்த்தேன்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பாகிவிட்டன. ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும். நாளுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிஎம்ஏஆர்சி-யும் வேண்டும். 180 பேருக்கு அனுப்பும் அலுவலகத்துக்கு அந்த விதிப்படி ஒன்று போதும். ஆனால் மூன்றையும் வைப்பதற்கு மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகாது.

டிஎன்எஸ் மாற்றம் உடனே பரவாது. அந்த வரியின் ஆயுள் 14400 நொடி, அதாவது நாலு மணி நேரம் என்று இருந்தது. அதுவரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் குழம்பாமல் வேறு வேலை பார்க்கலாம் என்று தலைப்பு வரியை எடுத்துக்கொண்டேன். இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இந்த மாதம் அண்ணன் தலைப்பில் ஒரு சொல் சேர்க்கச் சொல்லியிருந்தார். பழைய தலைப்பு: “ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள் 20”. புதியது: “நினைவூட்டல்: ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள் 20”. பழையது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. புதியதில் ‘ஜிஎ’ வரை வந்து, அடுத்து கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. ஒரு எழுத்து செத்துவிட்டது.

மெயில் தலைப்பில் தமிழ் நேராகப் போகாது. பேஸ்64 ஆக மாற்றி, யூடிஎஃப்-8 என்ற குறிப்புடன் பொதிந்து அனுப்பவேண்டும். ஒரு பொதி 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். க என்பது ஒன்று, அதன்மேல் வைக்கும் புள்ளி ஒன்று, கொக்கி ஒன்று. பேஸ்64 மூன்று பைட்டை நாலு எழுத்தாக மாற்றும். இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. அதனால் ஒரு தமிழ்ச் சொல்லைத் தனியாக பேஸ்64 ஆக்கினால் ஒவ்வொரு நாலு எழுத்தும் 4கே6 அல்லது 4கே+ என்றே தொடங்கும். பல நாள் தலைப்புகளைப் பார்த்துப் பார்த்து, 4கே6 வரிசையாக வந்தாலே இது தமிழ் என்று எனக்குக் கண்ணில் பட்டுவிடும்.

பழைய நிரல் தலைப்பு முழுவதையும் பேஸ்64 ஆக்கி, 60 எழுத்துக்கு ஒருமுறை வெட்டிப் பொதிந்துகொண்டிருந்தது. 60 எழுத்து என்றால் 45 பைட். பழைய தலைப்பை எண்ணிப் பார்த்தேன். ‘ஜிஎஸ்டிஆர்’ 30 பைட். கோடும் 3-உம் இரண்டு பைட். ‘பி’ ஆறு. இடைவெளி ஒன்று. அடுத்து க, ட இரண்டும் ஆறு. மொத்தம் சரியாக 45. கோடு, 3, இடைவெளி என்ற மூன்று ஒற்றை பைட்டுகள் சேர்ந்து மூன்றாகிவிட்டதால் வெட்டு எழுத்தின் எல்லையில் விழுந்தது. இத்தனை வருடம் ஓடியது அந்த ஒரு பொருத்தத்தால்தான். புதிய தலைப்பில் ‘நினைவூட்டல்’ 33 பைட், முக்காற்புள்ளியும் இடைவெளியும் இரண்டு, ‘ஜிஎ’ ஒன்பது. 44 ஆயிற்று. 45ஆவது பைட் ‘ஸ’-வின் முதல் பைட். அதன் மற்ற இரண்டு பைட்டும் அடுத்த பொதிக்குப் போய்விட்டன. சில மெயில் ஆப்கள் இரண்டு பொதியையும் ஒட்டிப் படித்துச் சமாளித்துவிடும். சமாளிக்காதவற்றில் எழுத்து உடையும். எழுத்தை நடுவில் வெட்டக்கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது.

கையால் வெட்டும் அந்தப் பகுதி முழுவதையும் தூக்கிவிட்டு, பைத்தானில் உள்ள ‘இமெயில்மெசேஜ்’ வகுப்பிடம் தலைப்பைத் தமிழிலேயே கொடுத்தேன். பொதிவதை அது பார்த்துக்கொள்ளும். ஸ உயிர் பெற்றது.

மாலை ஆறு மணிக்கு மறுபடி ஒரு மெயில். எஸ்பிஎஃப் பாஸ், டிகேஐஎம் பாஸ், டிஎம்ஏஆர்சி பாஸ். இன்பாக்ஸில் நேராக வந்து நின்றது. அண்ணனின் போனிலும் டிங் என்றது.

18ஆம் தேதி காலை முழு ஓட்டம். புது சர்வரில் மணிக்கு 100 மெயில்தான் என்ற வரம்பு இருப்பதை முந்தின நாளே பேனலில் பார்த்து வைத்திருந்தேன். மெயிலுக்கு மெயில் 40 நொடி இடைவெளி, 180 பேருக்கு இரண்டு மணி நேரம். 4 என்று தொடங்கும் பதில் வந்தால் கால் மணி கழித்து மறுபடி, மூன்று தடவை வரை. 5 என்றால் அங்கேயே நிறுத்தி, பெயரைத் தனிக் கோப்பில் எழுதவேண்டும். பதிவுக் கோப்பில் இப்போது “அனுப்பியாச்சு” என்ற சொல் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் நேராக சர்வர் சொன்ன பதில் அப்படியே இருக்கிறது.

180-க்கும் 250 வந்தது. ஆனால் 250 என்பது தபால் நிலையத்தில் கொடுக்கும் ரசீது மாதிரி. வாங்கிக்கொண்டோம் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது, வீட்டில் சேர்த்துவிட்டோம் என்பது இல்லை. சேராதது உறையின் மேல் உள்ள அனுப்புநர் முகவரிக்குத் திரும்பி வரும். இதுவரை அது இல்லாத நோரிப்ளை பெட்டி, திரும்பியவை எல்லாம் எங்கும் சேராமலே போயிருக்கின்றன. இப்போது உண்மையான பெட்டி. மதியம் திறந்தபோது நாலு திரும்பியிருந்தன. இரண்டு பேருக்குப் பெட்டி நிரம்பிவிட்டது. ஒருவரின் முகவரியே இப்போது இல்லை. நாலாவது, பக்கத்துத் தெருவில் செக்கிங் யூனிட் வைத்திருக்கும் ஒரு அக்காவுடையது. டாட் காம் என்று முடியவேண்டியது டாட் கான் என்று முடிந்திருந்தது. விசைப்பலகையில் எம்-மும் என்-னும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவர் கணக்குக் கொடுக்கத் தொடங்கி இரண்டு வருடம். ஒரு மெயில்கூட அவருக்குப் போனதில்லை.

அண்ணன் உடனே போன் போட்டார். “அக்கா, நம்ம மெயில் ஒன்னு கூட உங்களுக்கு வரலை, தப்பு எங்க பக்கம்தானுங்க. ஐடியை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்.” போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி, எழுதியதைத் திரும்ப ஒருமுறை படித்துக் காட்டினார். நான் பட்டியலில் திருத்தி, அந்த ஒரு மெயிலை மட்டும் மறுபடி அனுப்பினேன்.